சிவப்புப் புள்ளி

பிஸ்கட் தட்டை உள்ளே தள்ள ஓவன் கதவைத் திறந்த மார்லா அப்படியே நின்றுவிட்டாள். கம்பித் தட்டின் நடுவில் அப்பாவின் ரிவால்வர் கிடந்தது.

ஓவனை அவள் அப்போதுதான் பற்றவைத்திருந்தாள். இரும்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. துடைக்கிற துணியைச் சுற்றிப் பிடித்து, குழாய் சுவரைப் பார்க்கும்படி அதை வெளியே எடுத்தாள். உருளையைத் திறந்தாள். ஆறு துளையிலும் தோட்டா. கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் சூடேறி வெடித்திருக்கும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அப்பா எல்டன் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதை யாரு ஓவனுக்குள்ள வச்சது?"

"எதை?"

"உங்க துப்பாக்கியைத்தான்."

எல்டன் அதை நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது. "துப்பாக்கியை ஓவன்ல வைக்க நான் என்ன கிறுக்கனா? உன் புருஷனைக் கேளு. அவனுக்குத்தான் எதை எங்க வைக்கணும்னு தெரியாது."

கணவன் ராய்ஸ் விடியும் முன்பே மர மில்லுக்குப் போய்விட்டான் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டால் அது இன்னும் மோசம்.

காலையில் எழுந்ததும் மூக்குக்கண்ணாடி, பல்செட்டு, ரிவால்வர். இந்த மூன்றும் இல்லாமல் எல்டன் படுக்கையறையை விட்டு வெளியே வந்ததில்லை. இரவெல்லாம் தலைமாட்டு டிராயரில் இருக்கும் ரிவால்வர், காலையில் அவருடன் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜின் மேலே ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் ஏறும். ராத்திரி திரும்பவும் டிராயருக்குப் போகும். அன்று ஃபிரிட்ஜ் இருந்த இடம் அவருக்கு மறந்துவிட்டது. கண்ணெதிரே ஒரு கதவு தெரிந்தது. திறந்து வைத்துவிட்டார்.

மிசௌரியின் அந்த மலையோரக் கிராமத்தில் எல்டன் ஸ்ட்ராட் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வேட்டை உரிமம் எடுக்க வரும் ஒவ்வொருவரும் அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பாடம் நடக்கும். அவர் சொல்லும் முதல் விதி எல்லோருக்கும் மனப்பாடம்: "கையில இருக்கிற துப்பாக்கில குண்டு இருக்கு. இல்லேன்னு உன் அம்மாவே சத்தியம் பண்ணினாலும் இருக்கு." பழகுவதற்காக அவரே வெற்றுத் தோட்டா செய்து வைத்திருந்தார். பித்தளை, ஈயம் எல்லாம் அச்சு அசல். உள்ளே மருந்து மட்டும் இருக்காது. எது நிஜம், எது வெற்று என்று குழம்பக்கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ரிவால்வரைத் துடைப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு தோட்டாவாக வெளியே எடுப்பார். காதருகே கொண்டுபோய் ஆட்டுவார். உள்ளே மருந்து மணல் மாதிரி லேசாகச் சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மறுபடியும் உள்ளே போடுவார். சிறுமியாக இருந்தபோது மார்லா அவர் மடியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் அந்த ரிவால்வரும் வேட்டை ரைஃபிள்களோடு வீட்டுக் கூடத்து இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்து, தனியாக இருந்த கிழவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளே ரிவால்வர் டிராயருக்கு வந்தது. "ஷெரீஃப் வண்டி இங்க வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் திருடன் உட்கார்ந்து காபி குடிப்பானா?" என்று எல்டன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு எந்தத் திருடனும் வரவில்லை. அம்மா இறந்துபோனாள். தனியாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள மார்லாவும் ராய்ஸும் வந்தார்கள். மறதி நோயும் வந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல துப்பாக்கி இருக்காம்மா?"

"இருக்கு. எல்லாம் பெட்டிக்குள்ள பூட்டித்தான் இருக்கு" என்றாள் மார்லா.

"எல்லாமேவா?"

"ஆமா."

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வேறு எப்படிச் சொல்வது?

*

அன்று சாயங்காலம் ராய்ஸ் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். நல்லவன். மாமனார் மேல் உயிரையே வைத்திருந்தவன். சுடுவதற்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், பெண்ணைக் கொடுத்ததும் அவர்தான்.

"எடுத்துப் பெட்டில வச்சிடலாம் ராய்ஸ். இல்லேன்னா வீட்டை விட்டே வெளிய அனுப்பிடலாம்."

"அவர்கிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லேன்."

"உன் அப்பா. நீ சொல்லு."

இருவரும் சொல்லவில்லை. வண்டி ஓட்டும் லைசென்ஸைப் பறித்துக்கொண்டபோது அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது இருவருக்குமே நினைவிருந்தது. வண்டிச் சாவி போய்விட்டது. செக் புத்தகம் போய்விட்டது. பாடம் நடத்துவதை வேறொருவன் எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது அந்த ரிவால்வர் ஒன்றுதான்.

மறுநாள் மாட்டுத் தீவனம் வாங்கப் போன இடத்தில் ராய்ஸ் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். தீவனக் கடைக்காரர் வெண்டல், எல்டனின் பழைய வேட்டைக் கூட்டாளி. கடையில் எப்போதும் நாலு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

"வெண்டல் அண்ணே, மாமாவோட ரிவால்வரைக் கொஞ்ச நாள் உங்க கடை இரும்புப் பெட்டில வச்சுக்க முடியுமா?"

வெண்டல் தூக்கிய மூட்டையை அப்படியே கீழே போட்டார். "எதுக்குடா?"

"அவருக்கு ஞாபகம் தப்புதுண்ணே."

"அவருக்கா? போன வாரம் சர்ச்சுல என்னைப் பார்த்து என் நாய் பேரைச் சரியாச் சொன்னாரே!"

"உங்க பேரைச் சொன்னாரா?"

அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "இங்க பாரு தம்பி. எல்டன் துப்பாக்கியைப் பிடுங்குறதா இருந்தா, அவர் பேண்ட்டையும் சேர்த்தே உருவிடு. ரெண்டும் ஒரே வேலைதான். நாளைக்குத் திருடன் வந்தா யாரு சுடுவா? நீயா? போன சீசன்ல மானைக் குறி வச்சு என் வேலிக்கட்டையைச் சுட்டவன்தானே நீ!"

மறுபடியும் சிரிப்பு. ராய்ஸின் காது மடல் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற, "ஓப்பல் அண்ணி எப்படி இருக்காங்க? சர்ச்சுல பார்க்க முடியலையே" என்று கேட்டான். வெண்டலின் சிரிப்பு நின்றது. "படுத்திருக்கா. வேற என்ன வேணும் உனக்கு, மக்காச்சோளமா?" என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் ராய்ஸுக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. கராஜில் அலமாரியின் மேல்தட்டில் எல்டனின் பாடப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. அதிலிருந்து ஆறு வெற்றுத் தோட்டாக்களை எடுத்தான். மார்லாவின் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த சிவப்புப் புள்ளியைத் தேய்த்து எடுத்தான்.

"இப்ப நீயே சொல்லு. எது நிஜம், எது வெத்துன்னு யாருக்காவது தெரியுமா?"

மார்லா உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். தெரியவில்லை.

"அவரோட துப்பாக்கி அவர்கிட்டயே இருக்கட்டும். மாமா மானமும் போகாது, நமக்கும் பயம் இல்ல" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் சின்னப் பையன் மாதிரி ஒரு பெருமிதம்.

எல்டன் குளிக்கும் நேரத்தில் தோட்டாக்களை மாற்றினார்கள். நிஜமான ஆறும் இரும்புப் பெட்டிக்குள் போயின. பூட்டின் எண்ணையும் மாற்றினார்கள். அன்று ராத்திரி மார்லா நெடுநாளைக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி. ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதெல்லாம் மார்லா ரிவால்வரை எடுத்து உருளையைத் திறந்து பார்ப்பாள். ஆறு பித்தளை வட்டங்களும் பளபளவென்று இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடி வைப்பாள். அப்பா ஒருநாள் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவனைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டியபோதுகூட அவள் பதறவில்லை. "அவன் போயிட்டான்ப்பா, கீழ வைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ராய்ஸிடம் சொன்னபோது அவனும் சிரித்தான்.

*

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வாரம். பிற்பகலில் கொட்டோ கொட்டென்று மழை. மில்லில் ரம்பம் பழுதாகி எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மார்லா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்டன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. தலையை மூடிய கறுப்பு மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ராய்ஸ் உள்ளே வந்தான்.

எல்டன் எழுந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக எழுவார் என்று மார்லா நினைத்ததே இல்லை. ஒரே எட்டில் ஃபிரிட்ஜ். கையில் ரிவால்வர்.

"யாருடா நீ? அங்கேயே நில்லு!"

"மாமா, நாந்தான். ராய்ஸ்."

"என் பொண்ணு இருக்கா இங்க. வெளிய போயிடு."

"அப்பா, ராய்ஸ்ப்பா! உங்க மாப்பிள்ளைப்பா!" என்றாள் மார்லா. குரலில் பதற்றம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. ஆப்பிளைக்கூட அவள் கீழே வைக்கவில்லை.

ராய்ஸ் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஒன்றும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. மழைக்கோட்டின் தலைமூடியை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினான். இன்னொரு கையை நீட்டிக்கொண்டே நேராகத் துப்பாக்கியை நோக்கி நடந்தான். உள்ளே நிஜத் தோட்டா இருக்கிறது என்று நினைத்திருந்தால் கதவை மூடிக்கொண்டு வெளியே ஓடியிருப்பான். எல்டனிடம் பாடம் கேட்டவன் அப்படித்தான் செய்வான்.

"கொடுங்க மாமா. காபி குடிக்கலாம்."

வெடித்தது.

அந்தச் சின்னச் சமையலறையில் அந்தச் சத்தம் அடங்கவே நெடுநேரம் ஆனது. அது அடங்கியபோது ராய்ஸ் தரையில் இருந்தான். மார்லா அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் கண் திறந்திருந்தது. ஏதோ கணக்குத் தப்பிவிட்டது போல ஒரு குழப்பம் அதில் இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

எல்டன் முறைப்படி உருளையைத் திறந்து, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். மகளின் தோளைத் தொட்டார்.

"பயப்படாதம்மா. உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஷெரீஃபைக் கூப்பிடு. நல்லவேளை, ராய்ஸ் இல்லாத நேரத்துல நான் இருந்தேன்."

ஷெரீஃப் வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆனது.

*

எல்டன் மேல் வழக்கு இல்லை. தான் செய்தது இன்னதென்று தெரியாதவரை எந்த நீதிபதி என்ன செய்ய முடியும்? பூட்டிய கதவுகள் உள்ள முதியோர் மருத்துவமனை ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். மார்லா போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மாப்ள ஏன் வரல?"

"மில்லுல வேலைப்பா."

"மழைல வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு."

"சொல்றேன்ப்பா."

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் கராஜுக்குப் போனாள். அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மேல்தட்டிலிருந்து பாடப் பெட்டியை இறக்கினாள். அதன்மேல் தூசி இல்லை.

திறந்தாள். வெற்றுத் தோட்டாக்கள் அதனதன் குழியில் வரிசையாக நின்றன. ராய்ஸ் எடுத்த ஆறும் அங்கே இருந்தன. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆறின் அடியிலும் புதிதாக, வட்டம் பிசகாமல், ஒரு சிவப்புப் புள்ளி. அவளுடைய நெயில் பாலிஷ்.

ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். அப்பா வழக்கம்போலத் துடைக்க உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டியிருப்பார். சரசரப்பு இல்லை. மகள் பெயர் மறந்திருக்கலாம், ஃபிரிட்ஜ் இருக்கும் இடம் மறந்திருக்கலாம். அந்தக் கைக்கும் காதுக்கும் மறக்கவில்லை. பாடப் பெட்டித் தோட்டாக்கள் இங்கே எப்படி வந்தன என்று யோசித்திருப்பார். புள்ளி அழிந்திருக்கிறதே, யாராவது நிஜம் என்று நினைத்துவிட்டால் ஆபத்தாயிற்றே என்று புள்ளியைத் திரும்ப வைத்து, பாடப் பெட்டியில் சேர்த்திருப்பார். பிறகு வேட்டைச் சட்டைப் பையிலோ, மீன்பிடிப் பெட்டியிலோ கிடந்த நிஜத் தோட்டாக்களைத் தேடி எடுத்துப் போட்டிருப்பார். அந்த வீட்டில் தோட்டா கிடைக்காத மூலை எது?

அதற்குப் பிறகு அவள் உருளையைத் திறந்து பார்த்ததெல்லாம் அந்த நிஜத் தோட்டாக்களைத்தான். வித்தியாசம் தெரியக்கூடாது என்று புள்ளியை அழித்தது அவர்கள்தானே!

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

துக்க வீட்டுக்கு என்று அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டுகள் வருவது நின்று போன பிறகு, ஒரு மத்தியானம் வெண்டல் வந்தார். தீவனக் கடைத் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். இன்னொரு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. சமையலறை மேஜையில் உட்காரும்போது அவர் கண் தரையின் ஒரு இடத்தைத் தவிர்த்தது.

"அன்னிக்குக் கடைல நான் சும்மா இருந்திருக்கலாம் மார்லா."

அவள் காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"ஓப்பலுக்கு மனசு சரியில்ல. படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல. நேத்து என்னைப் பார்த்து, நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டா. அவ தலைமாட்டுலதான் இது இருந்துச்சு. நான் கடைக்குப் போனா தனியா இருக்காளேன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்." துண்டைப் பிரித்தார். சின்னக் கைத்துப்பாக்கி. "உன் பெட்டில வச்சுக்கிறியாம்மா? வேற யாருகிட்டயும் கேக்க எனக்கு வாய் வரல. சிரிப்பானுங்க."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

"நாளைக்குப் போறோம்." துப்பாக்கியை அவள் பக்கம் நகர்த்தினார். "பயப்படாத, காலிதான். கிளம்பும்போது நானே தோட்டா அடுக்கியிருக்கிற மேகசினைக் கழட்டி வச்சிட்டேன்."

மார்லா எழுந்தாள். துப்பாக்கியை எடுத்து, வெறும் செங்கல் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்து, மேஜைமேல் உருண்டு, சர்க்கரை ஜாடியில் 'டிங்'கென்று முட்டி நின்றது.

வெண்டலின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "கழட்டினேனே... மேகசினைக் கழட்டினேனே..."

"மேகசினைத்தான் கழட்டினீங்க. குழாய்ல ஏறி உட்கார்ந்திருந்ததை எடுக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "வேட்டைக்குப் போயே வயசானவர் நீங்க. காலின்னு நினைச்சுக்கிட்டு வண்டில பக்கத்துல வச்சு ஓட்டிட்டு வந்திருக்கீங்க. காலின்னு நினைச்சுத்தான் ராய்ஸும் கையை நீட்டினான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மழைத்துளி போல இரண்டு சொட்டு மேஜையில் விழுந்தது.

"திருடன் வருவான் வருவான்னு இத்தனை வருஷம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தோம் அண்ணே. வரவே இல்ல. வீட்டுக்குள்ளேயே ஒருத்தருக்கு மனசு தடுமாறுது, புத்தி தப்புதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே துப்பாக்கி அந்த வீட்டை விட்டுப் போயிடணும். ஒளிச்சு வைக்கிறது, தோட்டாவை மாத்துறது, ஏமாத்துறது எதுவும் வேலைக்கு ஆகாது. அப்பா மானம் போயிடும்னு நாங்க தயங்கினோம். அவர் நாலு நாள் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம இருந்திருப்பார், அவ்வளவுதான். இப்ப அவர் மானமும் இல்ல, என் புருஷனும் இல்ல."

அவள் அந்தத் தோட்டாவை எடுத்து ஆப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கூடத்து இரும்புப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னும் உங்க வீட்டுல என்னென்ன இருக்கு?"

வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோசித்தார். "வண்டி சீட்டுக்குப் பின்னால ஒண்ணு. மாட்டுக் கொட்டகைல ஒண்ணு. அப்புறம்... கல்லாவுக்குக் கீழ..." விரல் மடக்கியவர் பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். எத்தனை இருக்கிறது என்பது அவருக்கே சட்டென்று தெரியவில்லை.

"போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள் மார்லா. "முதல்ல ஓப்பல் அண்ணிகூட யாரையாவது உட்கார வச்சிட்டு வாங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்."